பெங்குவின்கள் நமக்குப் பாடம் சொல்கின்றனவா?

ஆரணியில் இருந்துகொண்டு பெங்குவினைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே வெயில் உண்டு, தறி உண்டு, பட்டு உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால்கூடப் பஸ் ஏறித்தான் போக வேண்டும். ஆனால் சென்ற மார்கழியில் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில் பெங்குவின்களைப் பற்றிய ஒரு திரைப்படத்தைக் காட்டினோம். அன்று நான் ஒரு தவறு செய்தேன். படத்திலும் அதே தவறு இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுவதே நியாயம் என்று தோன்றுகிறது.

பிரெஞ்சு இயக்குநர் லூக் ஜாக்கே எடுத்த அந்தப் படம் 2005-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ்'. சிறந்த முழுநீளச் செய்திப்படத்துக்கான ஆஸ்கார் பரிசை 2006-ல் பெற்றது. உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்த படம். உங்களில் சிலரும் பார்த்திருக்கலாம்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். அண்டார்க்டிகாவில் அடேலி நிலம் என்ற பகுதியில், துய்மோன் துர்வில் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே படம் எடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே கப்பலும் வராது, விமானமும் வராது. ஒளிப்பதிவாளர்கள் இருவர் ஓராண்டு முழுவதும் அங்கேயே தங்கிக் காமிராவைச் சுமந்திருக்கிறார்கள். இருட்டும் பனிப்புயலும் சூழ்ந்த அந்தக் காட்சிகளைப் போலப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை.

கதை இதுதான். சக்கரவர்த்திப் பெங்குவின் என்று அழைக்கப்படும் பறவைகள், கோடை முடிந்ததும் கடலை விட்டு ஏறி, உறைந்த பனியின் மேல் பல கிலோமீட்டர் நடந்து ஓரிடத்தில் கூடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் பெண் பறவை ஒரே ஒரு முட்டை இடுகிறது. அதை ஆணின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு இரை தேடக் கடலுக்குத் திரும்புகிறது. ஆண் பறவை முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, ஏறத்தாழ 65 நாட்கள் நின்றபடியே அடைகாக்கிறது. வந்து சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அது பட்டினி கிடக்கும் காலம் ஏறக்குறைய நான்கு மாதம். உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்து போகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால் 'தாயுமானவர்' என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

இது அத்தனையும் உண்மை. குறை எங்கே என்றால், காட்சிகளுக்கு மேல் ஏற்றப்பட்ட குரலில்தான். பிரெஞ்சுப் பதிப்பில் பறவைகளே 'நான்', 'நீ' என்று பேசுகின்றன. நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்பில் மார்கன் ஃப்ரீமன் என்ற நடிகர் கதை சொல்கிறார். இது ஒரு காதல் கதை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். நாங்கள் பார்த்தது ஆங்கிலப் பதிப்பு. தமிழில் படித்து வந்த மாணவர்களுக்காக நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். ஆக, மூன்றாவது குரல் என்னுடையது.

நான் சொன்ன பாடமும் ஒரு மாணவர் கேட்ட கேள்வியும்

படத்தில் ஒரு காட்சி வரும். பனிப்புயலில் ஆண் பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி நிற்கின்றன. ஓரத்தில் நின்றவை மெல்ல நடுவுக்கு வருகின்றன. நடுவில் நின்றவை ஓரத்துக்குப் போகின்றன. முறை வைத்துக்கொண்டு குளிரைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது படத்தின் விளக்கம். நானும் உணர்ச்சிவசப்பட்டு, "பார்த்தீர்களா! பறவைகளுக்கு இருக்கும் நியாய உணர்ச்சி நமக்கு இல்லையே! மனிதன் பெங்குவினிடம் பாடம் கற்க வேண்டும்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். காலையில் வீட்டில் தறியில் உட்கார்ந்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர். "சார், எங்க தெருவுல ஓரத்துல நிக்கிறவங்க முப்பது வருஷமா ஓரத்துலதான் நிக்கிறாங்க. நடுவுல இருக்கிற பெங்குவின் மட்டும் எதுக்கு சார் இடத்தை விட்டுக் கொடுக்குது?" என்று கேட்டார்.

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் படித்ததன் பலனே இக்கட்டுரை.

நெருக்கத்தின் கணக்கு

பெங்குவின்கள் ஏன் நெருங்கி நிற்கின்றன? ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பறவையையும் நான்கு பக்கங்கள் உள்ள ஒரு கட்டமாக வைத்துக்கொள்வோம். 100 பறவைகள் தனித்தனியே நின்றால் 400 பக்கங்கள் குளிர்காற்றில் படும். அவையே 10 வரிசையில் பத்துப் பத்தாக ஒட்டி நின்றால், காற்றில் படுவது 40 பக்கங்கள் மட்டுமே. பத்தில் ஒரு பங்காகிவிட்டது! உள்ளே நிற்கும் 64 பறவைகளுக்கு ஒரு பக்கம்கூட வெளியே தெரியாது. தலைக்கு மேல் போகும் வெப்பத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை என்றாலும், அடிப்படை இதுதான்.

உள்ளே எவ்வளவு சூடு தெரியுமா? நெருக்கத்தின் நடுவில் வெப்பநிலை 37 டிகிரி சென்டிகிரேட் வரை உயர்வதை அளந்திருக்கிறார்கள். அது நம் உடம்பின் சூடு. அண்டார்க்டிகாவின் நடுக்குளிரில் நிற்கும் பறவைக்குப் புழுங்குகிறது! அதனால் நடுவில் நிற்கும் பறவை தன் இடத்தைக் காத்துக்கொண்டிருக்க விரும்புவதில்லை. சூடு மிகுந்ததும் நெருக்கம் கலைகிறது. பிறகு வேறிடத்தில் மறுபடியும் கூடுகிறது.

ஓரத்தில் நிற்பது என்ன செய்கிறது? காற்று அடிக்கும் பக்கத்தில் நிற்கும் பறவைக்குத்தான் குளிர் அதிகம். அது வரிசையை விட்டு விலகி, கூட்டத்தின் ஓரமாகவே நடந்து, காற்றுப் படாத பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அடுத்து நின்றது இப்போது காற்றின் முகத்துக்கு வருகிறது. சிறிது நேரத்தில் அதுவும் பின்னால் போகிறது. இப்படி அடுக்கடுக்காக உரிந்து பின்னால் சேரும்போது, உள்ளே நின்றவை ஓரத்துக்கு வருகின்றன; கூட்டமே காற்றின் திசையில் மெல்ல நகர்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் கிளையில் கணிதப் பேராசிரியராக இருந்த ஃபிரான்சுவா பிளான்ஷெட்டும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு கணித மாதிரி அமைத்து 2012-ல் வெளியிட்டார்கள். அந்த மாதிரியில் வரும் பெங்குவினுக்கு நியாயமும் தெரியாது, தியாகமும் தெரியாது. தன் உடம்பின் வெப்பம் குறையக்கூடாது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். அப்படி ஒவ்வொன்றும் தன்னலத்துக்காக நகர்ந்தபோதும், கடைசியில் எல்லாப் பறவைகளும் இழந்த வெப்பம் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது! இக்கணக்கைப் போடும் எண்ணம் அவருக்கு இதே படத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியதாம். படத்துக்குச் சேர வேண்டிய அந்தப் புகழையும் கொடுத்துவிடுவோம்.

இன்னொரு வியப்பும் உண்டு. 2011-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெங்குவின் கூட்டத்தை நொடிக்கு நொடி படமெடுத்து ஆராய்ந்தார்கள். 30 முதல் 60 நொடிக்கு ஒருமுறை பறவைகள் 5 முதல் 10 சென்டிமீட்டர் அளவு சிற்றடி வைக்கின்றன. ஒன்று அடி வைத்ததும் பக்கத்தில் உள்ளது வைக்கிறது. அதைக் கண்டு அடுத்தது. குளத்தில் கல் போட்டால் அலை பரவுவதுபோல இந்த அசைவு கூட்டம் முழுவதும் பரவுகிறது. தலைவன் கிடையாது, கட்டளை கிடையாது. இவ்வளவு அழகான அலையியல் பாடம் கண்முன்னே நடக்கும்போது, படத்தின் குரலும் என் குரலும் ஒழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தன.

காதலும் சோகமும்

சக்கரவர்த்திப் பெங்குவின்களின் காதலையும் சற்றுப் பார்ப்போம். படம் வந்த நாட்களில் அமெரிக்காவில் சிலர் இதைக் கற்புக்கும் குடும்ப வாழ்வுக்கும் எடுத்துக்காட்டாகக் கொண்டாடினார்கள். உண்மையில் இந்த ஜோடி ஓர் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு பழைய துணையுடனே சேர்பவை நூற்றுக்கு 15 அளவுதான். காரணம் ஒழுக்கக் குறைவு அன்று. இப்பறவைக்குக் கூடு கிடையாது. சந்திப்பதற்கு ஓர் இடம் கிடையாது. குறுகிய காலத்தில் முட்டையிட்டாக வேண்டும். பழைய துணைக்காகக் காத்திருந்தால் அந்த ஆண்டு வீண். கூழாங்கற்களால் கூடு கட்டும் அடேலிப் பெங்குவின் பழைய இடத்துக்கே திரும்புவதால், பழைய துணையோடு சேர்வது அங்கே அதிகம். (அந்தக் கூழாங்கற்களைப் பக்கத்துக் கூட்டிலிருந்து திருடவும் செய்யும். அதைப் பாடமாகச் சொல்ல யாரும் முன்வருவதில்லை!)

குஞ்சை இழந்த ஒரு தாய் அடுத்தவள் குஞ்சைப் பறிக்க முயலும் காட்சியைத் தாளாத சோகம் என்று படம் காட்டுகிறது. அந்தப் பறவைக்குள் என்ன நிகழ்கிறது என்று முழுமையாகச் சொல்ல நம்மால் முடியாது. ஆனால் ஆராய்ச்சியில் கண்டது ஒன்று உண்டு. குஞ்சு இறந்த பிறகும் இப்பறவைகளின் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாகவே இருக்கிறது. மருந்து கொடுத்து அதைக் குறைத்தபோது குஞ்சு கவர்வதும் குறைந்தது. இந்தச் செய்தியால் காட்சியின் துயரம் குறைந்துவிடாது; நமக்கு இன்னொரு கேள்வி கூடுகிறது.

கடலிலிருந்து திரும்பும் பெண் பறவை, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும் ஆண்களில் தன் துணையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குரலால் என்று படம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் மேல்நிலை இயற்பியலில் 'விம்மல்கள்' படித்திருப்பீர்கள். சற்றே வேறுபட்ட அதிர்வெண் உள்ள இரண்டு இசைக்கவைகளைத் தட்டினால், ஒலி ஏறி இறங்கி விம்மும் அல்லவா? இந்தப் பெங்குவினின் குரல் உறுப்பு இரண்டு கிளைகள் கொண்டது. இரண்டும் ஒரே நேரத்தில் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் ஒலிக்கின்றன. அதனால் எழும் விம்மல் பறவைக்குப் பறவை வேறு. அதுவே அதன் பெயர். கூட்டத்தின் நெருக்கத்திலும் அது கேட்கிறது. எந்தக் காதல் வசனத்துக்கு இது குறைந்தது, சொல்லுங்கள்!

காற்றைவிடக் குளிர்ந்த சிறகு

2008 ஜூன் மாதம் அதே அடேலி நிலத்தில் சில விஞ்ஞானிகள் வெப்பக் கதிர்களைப் பதிவு செய்யும் காமிராவால் பெங்குவின்களைப் படமெடுத்தார்கள். பறவையின் சிறகுப் போர்வையின் வெளிப்புறம், சுற்றியிருந்த காற்றைவிட 4 முதல் 6 டிகிரி வரை குளிர்ந்திருந்தது! உள்ளே சூடான உடம்பு; வெளியே குளிர்ந்த காற்று; நடுவிலுள்ள சிறகு இரண்டையும்விடக் குளிர்ச்சி. இது எப்படி?

விடை ஆரணித் தெருவிலேயே இருக்கிறது. மார்கழியில், மேகமில்லாத இரவில், சைக்கிளைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு விடியற்காலையில் இருக்கையைத் தொட்டுப் பாருங்கள், பனியில் நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்திய சைக்கிள் அவ்வளவு நனைந்திராது. அதிகாலையில் தெருவில் பாவு நீட்டுகிற நெசவாளர்கள் இதை நன்கு அறிவார்கள். வானத்தைப் பார்த்திருக்கும் பொருள் தன் வெப்பத்தைக் கதிர்களாக வானத்துக்கு இழக்கிறது. தெளிந்த வானம் திருப்பித் தருவது மிகக் குறைவு. எனவே அப்பொருள் காற்றைவிடக் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. பெங்குவினின் சிறகும் அப்படியே. உடம்பின் சூடு வெளியே வராதபடி சிறகுகளுக்கிடையே சிக்கிய காற்று அவ்வளவு நன்றாகத் தடுப்பதால்தான் மேற்பரப்பு இந்த அளவு குளிர முடிகிறது.

பனியையே அறியாத பெங்குவின்கள்

இனி படத்தின் தலைப்பைப் பாருங்கள்: 'பெங்குவின்கள்'. உலகில் பெங்குவின் வகைகள் சுமார் 18. அவற்றில் அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் முட்டையிடுவது சக்கரவர்த்தி ஒன்றுதான். ஒருவரின் கதை குலத்தின் கதையாகிவிட்டது.

எங்கள் மாணவர்களைப் பெங்குவின் வரையச் சொன்னேன். எல்லாரும் பனி வரைந்தார்கள். இருவர் பக்கத்தில் வெள்ளைக் கரடியையும் வரைந்தார்கள். வெள்ளைக் கரடி வடதுருவத்துப் பிராணி. இரண்டும் இயற்கையில் சந்திப்பதே இல்லை.

காலபகோஸ் பெங்குவின் பசிபிக் கடலில், பூமத்திய ரேகை கடந்து செல்லும் தீவுகளில் வாழ்கிறது. நம் ஆரணி அந்த ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 டிகிரியில் உள்ளது. அதாவது, நம்மைவிட அந்தப் பெங்குவின்தான் பூமத்திய ரேகைக்கு நெருங்கிய குடி! அதன் கவலை வெயில். எரிமலைப் பாறை இடுக்கின் நிழலில் முட்டையிடுகிறது. துடுப்புச் சிறகுகளை விரித்துப் பாதத்துக்கு நிழல் தருகிறது. வாய் திறந்து இரைக்கிறது. குளிர்ந்த கடல் நீரோட்டங்கள் அங்கே மீனைக் கொண்டுவருவதால்தான் அதனால் அங்கு வாழ முடிகிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் வாழும் சின்னப் பெங்குவினின் உயரம் சுமார் 33 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோ அளவு. சக்கரவர்த்தியின் உயரம் சுமார் 115 சென்டிமீட்டர், அதாவது மூன்றரை மடங்கு. உயரம் மூன்றரை மடங்கானால் பரப்பு சுமார் 12 மடங்கு, கன அளவு சுமார் 43 மடங்கு ஆகும். வெப்பம் போவது பரப்பின் வழியே. வெப்பத்தைச் சேமிப்பது கன அளவு. பெரிய உடம்பு கிலோ ஒன்றுக்கு மூன்றரை மடங்கு குறைவாகவே குளிருக்குக் காட்டுகிறது. உறைபனியில் பெரியதும் மிதமான கரையில் சிறியதும் வாழ்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் நாட்டுக்கே வந்த பெங்குவின்களும் உண்டு. 2016 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து 8 ஹம்போல்ட் பெங்குவின்கள் பம்பாய் பைகுல்லா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுவரப்பட்டன. அக்டோபரில் ஒன்று இறந்தது. 'பனிப் பறவையைப் பம்பாய் வெயிலுக்குக் கொண்டுவரலாமா?' என்று அப்போது என் நண்பர்கள் கேட்டார்கள். ஹம்போல்ட் பனிப் பறவை அல்ல. பெரு, சிலி நாடுகளின் வறண்ட கடற்கரையில், கடற்பறவைகளின் எச்சம் கெட்டிப்பட்ட நிலத்தில் வளை தோண்டி வாழ்வது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காக வெட்டி ஏற்றுமதி செய்தபோது அதன் வீடும் சேர்ந்து கப்பலேறியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடலில் மைல் கணக்கில் நீந்தும் பறவையைக் கண்ணாடி அறைக்குள் வைக்கலாமா என்பது. தவறான படம் மனதில் பதிந்தால் நல்ல எண்ணத்தோடுகூடத் தவறான கேள்வியையே கேட்கிறோம்.

படம் சொல்லாமல் விட்டது

கடைசிக் குறைதான் பெரிய குறை. படமெடுக்கப்பட்ட அதே கூட்டம் 1970-களின் பிற்பகுதியில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடல் வெப்பமடைந்து பனி குறைந்த அந்த ஆண்டுகளில் வளர்ந்த பறவைகளே அதிகம் மடிந்தன என்று இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2001-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஜாக்கே உயிரியல் படித்தவர். இருந்தும் படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலங்காலமாக நடப்பது என்றும் நடக்கும் என்ற நிம்மதியோடு நாம் எழுந்து வருகிறோம்.

சக்கரவர்த்திகள் குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் உறைந்த கடலின் மேல். நீர் புகாத சிறகு முளைக்கக் குஞ்சுக்கு டிசம்பர் வரை ஆகும். அதற்குமுன் பனி உடைந்தால் குஞ்சு தண்ணீரில் விழுந்து மடியும். 2022-ல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹௌசன் கடற்பகுதியில் இருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில், சிறகு முளைக்குமுன் பனி உடைந்து, ஒரு குஞ்சும் தப்பியிருக்காது என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் படங்களிலிருந்து முடிவு செய்தார்கள். வெப்ப நாட்டு வகைகளுக்கும் நிம்மதியில்லை. மீன் குறைந்துபோனதால் நலிந்த ஆப்பிரிக்கப் பெங்குவின், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2024-ல் அறிவிக்கப்பட்டது. காதல் கதையில் வில்லன் குளிர். உண்மையில் இன்று வில்லன் வெப்பம்.

மறு வாரம் வகுப்பில் நான் சொன்ன பாடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கேள்வி கேட்ட மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, நடுவில் நிற்கும் பெங்குவின் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் புழுங்குகிறது, அதைச் சுற்றிச் சுவரும் இல்லை. காற்றும் சூடும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவருகின்றன. நம் தெருவில் சுவர் இருக்கிறது. நடுவில் இருப்பவருக்குப் புழுங்குவதும் இல்லை. இங்கே முறை மாற வேண்டுமென்றால் அதை நாம்தான் செய்ய வேண்டும். பெங்குவின் நமக்காகச் செய்யாது."

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பெங்குவின்கிட்ட கத்துக்க ஒண்ணுமே இல்லையா சார்?" என்றார். இருக்கிறது: விம்மல், அலை, கதிர்வீச்சு, பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள கணக்கு. நியாயத்தை மட்டும் நாம் வேறிடத்தில் தேட வேண்டும்.

வாசக நண்பர்களே, அந்தப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒருமுறை ஒலியோடு பாருங்கள். மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பாருங்கள். ஏன், எப்படி, எவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதுங்கள். எந்த முறை பார்த்தது நல்ல படம் என்று பிறகு நீங்களே சொல்லலாம்.